கமிஷன் இல்லாத ஊசி

பாடாங் மேஹா,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை காளிதாசன் அவர்களுக்கு, மச்சான் பழனியாண்டி எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். என் சர்க்கரை என்னைவிட நலமாக வளர்ந்துவருகிறது. மெர்கோங்கில் நீங்களும் மருமகள் உமாராணியும் சுகமாயிருக்க முனீஸ்வரரை வேண்டுகிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தபால்தலை ஒட்டி அனுப்பக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பை யார் யார் படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

உமாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பள்ளியில் அதைப் போட்ட நாளில், அதே நோயில் கிடந்த தாயின் கட்டிலருகே பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் விட்டுப்போனது. இப்போது எங்கள் தோட்டத்தில், விட்டுப்போன பெண்பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. உமாவையும் சேர்க்கலாமாம். ஊசிமேல் எனக்குச் சந்தேகமில்லை. அது கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி போடுவது. கூட்டிப்போகிறவர்கள்மேல்தான் சந்தேகம். என் தங்கை ராசாத்தி விட்டுப்போனது இந்த ஒரு பிள்ளையைத்தான். ஆகவே நான் விசாரித்துச் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் ஆயுள் முழுக்கக் காவல்கார ஜாகாவாக நின்று, வெளியே போன ஒவ்வொரு லாரிக்கும் அடியில் குனிந்து பார்த்தவன் நான்.

கூட்டத்துக்குத் தலைவி அகத்தா. பாலர்பள்ளி ஆசிரியை, மாதாகோயில் பெண். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று இவர்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறதாம். நம் நாட்டில் பணம் கொடுப்பவர்கள் என்ன செய்வார்கள்? கதவளவு அட்டையில் காசோலை எழுதி, ஆளுக்கொரு மூலை பிடித்து, படம் எடுப்பார்கள். இங்கே அட்டையும் இல்லை, பேனரும் இல்லை, மாலை போட்டுக்கொள்ள ஒரு யாங் பெர்ஹொர்மாட் எம்.பி.கூட இல்லை! கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். தட்டில் மீகூன் சேமியா கொடுத்தார்கள். சரி, இனி தண்ணீர் ஃபில்டர் விற்பார்கள் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். துடைப்பமும் மடித்த நாற்காலிகளும்தான் இருந்தன. கடைசியில் ஜெபமாவது செய்வார்கள் என்று இன்னொரு தட்டு மீகூனோடு பொறுத்திருந்தேன். ஜெபமும் இல்லை, மாப்பிள்ளை.

எழுந்து கேட்டேவிட்டேன். "காசு குடுத்தவங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"ஒண்ணும் இல்ல அண்ணே," என்றாள் அகத்தா. "வேன் வாடகையும், அன்னிக்கு வேலைக்குப் போகாத அம்மாமாருக்குச் சம்பளமும் குடுக்கிறோம். எப்படிச் செலவு பண்றதுன்னு நம்ம ஆளுங்களே முடிவு பண்ணணுமாம் லா."

என் சொந்த மகன் அனுப்பும் காசுக்கே மருந்துக்கடை ரசீது கேட்கிறான். முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் 'நீயே பார்த்துக்கொள்' என்பானா? இதையும் கேட்டேன். அதற்கு அந்தப் பெண், "அண்ணே மாதிரி சந்தேகப்படுற ஆளுதான் எங்களுக்கு வேணும். கணக்க நீங்களே பாருங்க," என்றாள். கூட்டம் கை தட்டிவிட்டது. என் வாயை அடைக்கும் தந்திரம் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். உள்ளே இருந்தால்தானே உளவு பார்க்க முடியும்?

மறுநாள் வீடு வீடாகப் போகச் சொன்னார்கள். முதல் வீடு யோகேஸ்வரி வீடு, மூன்று பெண்பிள்ளைகள். கிரில் கதவைத் திறக்காமலே, "அங்கிள், வாட்டர் ஃபில்டர் வேணாம்," என்றாள். எனக்கு வந்ததே கோபம்! ஃபில்டர் இல்லை என்று தொடங்கியவன் வேன், மிஸ்ஸி, சம்பளம் என்று எல்லாம் சொல்லி, ராசாத்தி கடைசி மாதங்களில் வலி தாங்காமல் தலையணையைக் கடித்ததையும் சொல்லிவிட்டேன். சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. அவள் கிரில் தாழ்ப்பாளை விலக்கினாள். பிறகு மெதுவாக, "உங்களுக்கு இதுல எவ்ளோ கமிஷன் அங்கிள்?" என்றாள். என்னைப் பார்த்துக் கமிஷனாம்! மறுநாள் மூன்று பிள்ளைகளோடும் வேனில் ஏறிவிட்டாள், அது வேறு. ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பாத இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மொத்தத்தில் விஷயம் தெளிவாகவில்லை. கணக்கை இரண்டு தடவை பார்த்தேன், சரியாக இருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. விசாரணை முடிய இன்னும் பல மாதம் ஆகலாம். அதுவரை உமா பொறுத்திருக்கட்டும்.

உங்கள் வீட்டில் விளக்கு குறையாமல் எரியட்டும். மருமகளுக்கு என் அன்பு முத்தங்கள்.

இப்படிக்கு,
பழனியாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மறுபடி படித்தேன். பல மாதம் என்று எழுதிய கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வரும் ஞாயிறு காலை காரோடு உங்கள் வாசலில் நிற்பேன். நம் மாநிலத்தில் ஞாயிறும் பள்ளிநாள் என்பதால் உமாவுக்கு ஒருநாள் லீவு சொல்லுங்கள். நீங்களும் முன்சீட்டில் ஏறுங்கள், கையெழுத்தைக் கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம். அவள் சடங்குக்குத் தாய்மாமன் சீராக நான் வைத்த பட்டுச்சேலை பீரோவில் தூங்கும். இந்தச் சீர் அவள் உடம்பிலேயே இருக்கட்டும்.