சிரஸ்தார் தற்செயலாகச் சொதி சாப்பிட்ட வரலாறு

வாரம் முழுதும் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற மனிதன், ஒரு நாளாவது எங்கேயாவது போய்க் காற்று வாங்கி, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையில் இந்த உண்மை வெகுகாலம் சர்க்காரின் கவனத்துக்கு வராமலே கிடந்தது. தென்காசிக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்கள் கழித்து ஒரு புதுக் கலெக்டர் துரை வந்தார். அவரால்தான் வந்தது.

அந்தத் துரைக்குச் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும். பேனாவைக் கீழே போடுவார். ரொட்டியையும் அவித்த முட்டையையும் பையில் போட்டுக்கொண்டு குதிரை ஏறுவார். எங்கே போகிறார் என்று டவாலிச் சேவகனுக்கும் தெரியாது, குதிரைக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலையில் முகம் சிவந்து, சீட்டியடித்துக்கொண்டு திரும்புவார். "முன்யோசனை இல்லாமல் கிளம்புவதே மூளைக்கு மருந்து" என்று ஒருநாள் கலெக்டர் கச்சேரித் தாழ்வாரத்தில் நின்று சொல்லியும் விட்டார்.

துரை சொன்ன பிறகு கேட்க வேண்டுமா? இரண்டு மாதத்துக்குள் 'முன்யோசனைக்காரன்' என்பது ஜில்லாவில் ஒரு வசவாகிவிட்டது. வக்கீல்கள் திடீரென்று பாபநாசம் போனார்கள். ஒரு வக்கீல் அப்படித் திடீரென்று போனபோது கட்டில், மெத்தை, வெற்றிலைப் படிக்கம், சமையல்காரர், மாமியார் எல்லாம் கூடவே திடீரென்று போனதை ஜனங்கள் ரயிலடியில் நின்று பார்த்தார்கள். கங்கைகொண்டானில் ஒரு மிராசுதார், திடீர்ப் பயணத்துக்கென்றே சென்னையில் ஒரு தொப்பிக்குச் சொல்லிவிட்டு, அது வந்து சேரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

ஹுசூர் சிரஸ்தார் ஆவுடைநாயகம் பிள்ளை மட்டும் பின்தங்கியிருந்தார். கச்சேரிக் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர்; அங்கே துரைக்கு அடுத்த தெய்வம் அவர்தான். ஆனால் ஆயுசில் எதையும் திடீரென்று செய்து பழக்கமில்லை. தும்மல் வந்தால்கூடச் சேவகன் உருமாலை நீட்டும்வரை நிறுத்திவைத்திருந்து தும்முகிறவர். கடைசியில் அவருக்கும் கௌரவப் பிரச்சினை வந்துவிட்டது. பாக்கியசீலனைக் கூப்பிட்டனுப்பினார்.

பாக்கியசீலன் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவன். கச்சேரியில் உத்தியோகஸ்தர்களின் பயண ஏற்பாடுகளைக் கவனிக்கிறவன்; வருஷக்கணக்காக 'ஆக்டிங்' குமாஸ்தா, அதாவது தற்காலிகம். அவனுக்கும் லில்லிக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. லில்லியின் அப்பா இஸ்ரவேல் வாத்தியாருக்குத்தான் ஒத்துவரவில்லை. "ஆக்டிங் குமாஸ்தாவுக்கு ஆக்டிங் பொண்டாட்டிதான் கெடைப்பா. வேலை நிரந்தரமாகட்டும், பொறவு பாப்போம்" என்று மிஷன் கோயில் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்.

"வே பாக்கியசீலன்" என்றார் சிரஸ்தார். "ஆவணி கடைசி ஞாயித்துக்கிழமை நான் திடீர்னு எங்கயாவது கிளம்புதேன்."

"எங்கன, ஐயா?"

"அது எனக்குத் தெரிஞ்சா திடீர்னு எப்படியாகும்? ஆத்தங்கரையோரமா நல்ல ஊரா நீரே பாத்து வையும். என்கிட்டச் சொல்லாண்டாம். ரயில் அங்கன நிக்கும்போது 'காத்து நல்லாருக்கே'ன்னு நான் இறங்கிருவேன்."

"சாப்பாட்டுக்கு?"

"வழியில எது கெடச்சாலும் சாப்பிடுததுதான்வே இதுல உள்ள ருசி. இது வேணும், அது வேணும்னு கேக்கப்படாது." சிரஸ்தார் ஜன்னலைப் பார்த்தார். குரல் சற்றுத் தழைந்தது. "தற்செயலா ஒரு சொதி கெடச்சா நல்லது."

தேங்காயை மூன்று தடவை பிழிந்து, மூன்றாம் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் வேகவிட்டு, பாசிப்பருப்பைக் கூட்டி, இறக்குகிற சமயம் முதல் பாலை விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு இலைக்கு வருகிற சங்கதி அது. சைவப் பிள்ளைமார் வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கென்று வைப்பார்கள். சிரஸ்தாரின் மனைவி காலமாகிச் சில வருஷங்கள் ஆயிற்று. மலையாளத்துச் சமையல்காரர் தினமும் ஒரே மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். ஹுசூர் சிரஸ்தாரைப் பந்தியில் உட்காரவைத்தால் மாப்பிள்ளையை யார் கவனிப்பது என்று பயந்து, மறுவீட்டுக்கும் ஒருவரும் அவரை அழைப்பதில்லை.

"இதை மட்டும் ஒழுங்கா நடத்திரும். ஏற்பாடுன்னே தெரியப்படாது. உம்ம வேலையை நிரந்தரமாக்கித் தாரேன்" என்றார்.

பாக்கியசீலன் அன்றைக்கே சேரன்மாதேவிக்கு அப்பால் மருதங்கரையில் போய் இறங்கினான். அவ்வூர்க் கிராம முன்சீப் காசிலிங்கம் பிள்ளை விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கல்யாணம் இல்லாத வீட்ல சொதி வைக்கச் சொல்லுதீரா?"

"ஒரு குழம்புதான பிள்ளைவாள்?"

"உம்ம வேதக்காரவுகளுக்கு அது குழம்பு. எங்களுக்கு அது சம்பந்தம்வே! வயசு வந்த பொண்ணு இருக்க வீட்ல, பொண்டாட்டி இல்லாத மனுசன உக்காத்தி வச்சு நான் சொதி ஊத்தினா ஊரு என்ன சொல்லும்? காசிலிங்கம் சிரஸ்தாருக்குப் பொண்ணக் குடுத்திட்டான்னு சொல்லும்."

"அவருக்கு அம்பத்தேழு வயசு."

"அதனாலதாம்வே நம்பும்."

"அப்ப முடியாதுன்னு சொல்லிரவா?"

"ஐயையோ, முடியாதுன்னா முன்சீப் வேலை போயிருமே!"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. முன்சீப்பின் மகள் பிரம்மநாயகி, கதவுக்குப் பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இதுக்குப் போயி ஏன் மண்டையப் பிய்க்கிய? சொதி வேணும்னா மறுவீடு வேணும். மறுவீடு வேணும்னா கல்யாணம் வேணும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கல்லிடைக்குறிச்சில ரெடியா இருக்காக. அவுக அப்பாவத்தான் அசைக்க முடியல. சர்க்கார் அசைக்க முடியுமான்னு பாருங்க."

மாப்பிள்ளை கைலாசம். நிச்சயம் முடிந்து மூன்று வருஷம். அவன் தகப்பனார் சங்கரசுப்பிரமணிய பிள்ளை எதற்கும் அவசரப்படாதவர். ஒவ்வொரு தையும் வரும்போது "அடுத்த தைக்குப் பாப்போம்" என்பார். பாக்கியசீலன் போய் நின்றபோதும் அதையேதான் சொன்னார்.

"மறுவீட்டுப் பந்திக்கு ஹுசூர் சிரஸ்தார் தற்செயலா வருதாக" என்றான் பாக்கியசீலன்.

பிள்ளை விசிறியை நிறுத்தினார். "பந்தியில அவருக்குப் பக்கத்து இலை யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"சரிதாம்வே. நல்ல காரியத்தத் தை வரைக்கும் எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்றார்.

இப்படியாக ஒரு குழம்பின் பொருட்டு ஒரு கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இதில் எந்த வருத்தமும் இல்லை என்பதை இங்கே குறிப்பிடுவது கடமை. வருத்தமெல்லாம் பாளையங்கோட்டையில் இருந்தது.

"ஊரான் வீட்டுக் கல்யாணத்த முடிச்சு வைக்கீக. கோயிலுக்கும் வாரதில்ல. அப்பா அதையும் கணக்குல வச்சிருக்காக" என்றாள் லில்லி.

"இந்தச் சொதி மட்டும் நல்லா அமையட்டும் லில்லி. நம்ம காரியமும் முடிஞ்சிரும்."

"என் கல்யாணம் பாசிப்பருப்புலயா தொங்குது?" என்று கேட்டுவிட்டு அவள் நடந்துவிட்டாள். பாக்கியசீலனுக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. ஆமாம், அதில்தான் தொங்கியது.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. சனிக்கிழமை மருதங்கரையில் ஒத்திகை நடந்தது. ஊரார் ஆச்சரியப்பட வேண்டும் அல்லவா? வாயைப் பிளந்து காட்டச் சொன்னபோது பலர் கொட்டாவி விடுவது போலப் பிளந்தார்கள். முன்சீப்போ ரயில் வருவதற்கு முன்பே ஆச்சரியப்பட ஆரம்பித்துவிட்டார். "பைய, பிள்ளைவாள், பைய. அவரு இறங்கின பொறவு ஆச்சரியப்பட்டாப் போதும்" என்று பாக்கியசீலன் அவரை நிதானத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி மருதங்கரையில் நின்றது. சிரஸ்தார் வெளியே தலையை நீட்டினார். எஞ்சின் புகை முகத்தில் அடித்தது.

"காத்து நல்லாருக்கே!" என்று இருமிக்கொண்டே இறங்கினார்.

"இங்கனயா ஐயா? திடீர்னு இறங்கிட்டியளே!" என்று பாக்கியசீலன் பதறினான். நன்றாகவே பதறினான்.

தூரத்தில் நாகசுரம் கேட்டது. "அது என்னவே சத்தம்?"

"ஏதோ மறுவீடு போலத் தெரியுது, ஐயா."

"அழையாத வீட்டுக்குப் போறது முறையில்லையே" என்று சிரஸ்தார் வேகமாக நடந்தார்.

வாசலில் முன்சீப் வாயைப் பிளந்தார். ஊரே பிளந்தது. பந்தியில் கிழக்கு பார்த்த ஓர் இலை தற்செயலாகக் காலியாக இருந்தது. சம்பந்தி பிள்ளை பக்கத்து இலையில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கைலாசத்துக்கு இலை போட மறந்துபோனார்கள். பிரம்மநாயகி உள்ளே கூப்பிட்டு, தானே பரிமாறினாள். அவன் ஒரு குறையும் சொல்லவில்லை.

சிரஸ்தார் இலையில் சொதி விழுந்தது. ஒரு வாய் அள்ளினார். கண்ணை மூடினார். இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்கவில்லை, கையை மட்டும் காட்டினார். கண்ணோரம் கொஞ்சம் நனைந்திருந்தது. இஞ்சிப் பச்சடிதான் காரணம் என்று ஊரார் நம்பினார்கள். பாக்கியசீலனுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆனால் அந்த மூன்றாம் பரிமாறலுக்கும் பாயசத்துக்கும் இடையில் எங்கேயோ ஒரு விபரீதம் நடந்துவிட்டது. சிரஸ்தார் தாம் போட்ட உத்தரவைத் தாமே மறந்துபோனார்.

"பாத்தீராவே!" என்றார், திரும்பும் வண்டியில். "நான் மனசுல ஒண்ணு நினைக்கேன், அது தானா வந்து நிக்கி! ஒரு முன்யோசனை உண்டா? ஒரு ஏற்பாடு உண்டா?"

"ஐயா, ஏற்பாடு வந்து..."

"இல்லவே! அதத்தான நானும் சொல்லுதேன்."

மறுநாள் சிரஸ்தார் துரைக்கு எழுதிய குறிப்பு வெகு தெளிவாக இருந்தது. இந்த ஆற்றங்கரை ஜனங்கள் இயல்பாகவே உபசாரப் பிரியர்கள். எந்த உத்தியோகஸ்தர் எங்கே இறங்கினாலும் உயர்ந்த சாப்பாடு தானாகவே சம்பவிக்கிறது. ஆகவே பயண ஏற்பாடுகளைக் கவனிக்கவென்று ஓர் ஆக்டிங் குமாஸ்தா இருப்பது சர்க்காருக்கு வீண் பாரம். துரை சீட்டியடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாக்கியசீலன் தன் வேலையைக் குற்றம் குறையில்லாமல் செய்துவிட்டான். அதனால் வேலை போய்விட்டது.

இஸ்ரவேல் வாத்தியார் நியாயஸ்தர். கேள்விப்பட்டு அவரே வந்தார். "வருத்தப்படாதியும். இனி உம்ம யாரும் ஆக்டிங்னு சொல்ல முடியாது. வேலையில்லாதவரு, அது நிரந்தரம்தான" என்றார். லில்லி அப்பாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தாள். வேற வேலை தேடித்தான் பாருங்களேன் என்பதுபோல் ஒரு தடவை நிமிர்ந்தும் பார்த்தாள்.

சிரஸ்தாரைப் பார்த்து மற்ற அதிகாரிகளும் தற்செயலாக இறங்கத் தொடங்கவே, ஆற்றங்கரை ஊர்களில் நடைமுறை மாறிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஜோசியரிடம் போவதை விட்டுவிட்டு, எந்த அதிகாரி எப்போது தற்செயலாக வருகிறார் என்று கச்சேரிச் சேவகரிடம் போய்க் கேட்டார்கள். தாசில்தார் ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் போகவே நான்கு கல்யாணங்கள் தள்ளிப்போயின.

வேலையில்லாமல் சில மாதங்கள் கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை பாக்கியசீலன் வீட்டை விட்டு வெளியே வந்தான். எங்கே போவது என்று ஒரு யோசனையும் இல்லை. கால் ரயிலடிக்குப் போயிற்று. வண்டி நின்றது, ஏறினான். பசித்தது, இறங்கினான். மருதங்கரை. அந்த ஜில்லாவில் துரையைத் தவிர, ஒருவன் நிஜமாகவே திடீரென்று கிளம்பியது அதுதான் முதல் தடவை என்று சொல்ல வேண்டும்.

அவனைத் தூரத்தில் கண்டதுமே தலையாரி ஓடினான். கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு வீட்டில் அவசரமாகத் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. காசிலிங்கம் பிள்ளை மேல்துண்டைச் சரியாகக்கூடப் போடாமல் வந்து நின்றார்.

"யாருவே வருதாக? தாசில்தாரா? துரையேவா?"

"யாரும் வரல பிள்ளைவாள். நாந்தான் வந்தேன்."

"அது தெரியுது. எதுக்கு வந்தீரு?"

"சும்மாதான்."

"சும்மான்னா, யாரு உத்தரவுல?"

"உத்தரவெல்லாம் இல்ல. பசிச்சுது. நம்ம பிள்ளைவாள் வீடு இருக்கேன்னு இறங்கிட்டேன்."

முன்சீப் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். காய்ச்சல் ஏதும் இருக்குமோ என்று பார்ப்பவர் போலிருந்தது. பிறகு அருகே வந்து, ரொம்பவும் அன்பாக அவன் தோளில் கை வைத்தார்.

"எம்மகளுக்கு வாழ்வு குடுத்த மனுசன் நீரு. உம்ம வெறும் வயித்தோட அனுப்ப எனக்கு மனசு வருமா? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? இப்படி முன்கூட்டிச் சொல்லாம வந்து நின்னீர்னா, நாங்க உம்ம எப்படிவே எதிர்பாராம வரவேற்கிறது?"

பாக்கியசீலன் யோசித்துப் பார்த்தான். அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. வருகிற சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று வருவதாகச் சொல்லிவிட்டு, பசியோடு ரயிலடிக்கு நடந்தான்.