அம்ப்ரோஸ் மாமாவின் தகரப் படகு

மரியாதைக்குரிய அம்ப்ரோஸ் மாமாவுக்கு,

டனிதா எழுதுவது. மில்வாக்கியின் குளிரும் உங்கள் முழங்காலும் சண்டையை நிறுத்தியிருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லாமல் பாஸ்டர் உட்காருவதில்லை. இங்கே மிசிசிப்பியில் அம்மா, நான், கார்லிஸ் அண்ணன் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கோழி ஆலையில் வேலை பார்ப்பவர்கள் அதற்கு மேல் எழுதினால் பொய்.

கோடையில் வந்தால் பழையபடி ஓடையில் கிராப்பி மீன் பிடிக்க முடியுமா, இல்லை கொட்டகையில் கிடக்கும் தகரப் படகை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்றுவிடுங்கள். நானே ஆள் பார்க்கிறேன்.

உங்களுக்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டுமே என்றுதான் வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் அண்ணனும் படகை எடுத்துக்கொண்டு போனோம். நாம் நடந்து போகும் பாதையில் இப்போது இரும்புக் கேட். மர மில்லை மூடியவர்கள் கரையையும் சேர்த்து ஹாலோவெல் என்ற பணக்காரருக்கு விற்றுவிட்டார்கள். வேலையும் போயிற்று, உட்கார இடமும் போயிற்று. அதனால் பாலத்துக்கு அடியில் படகை இறக்கி, ஜனவரி தோறும் தெருவிலிருந்த கிறிஸ்துமஸ் மரங்களையெல்லாம் மீன் வந்து ஒதுங்கட்டும் என்று கல் கட்டி நீங்கள் மூழ்கடித்த அதே வளைவுக்குப் போய், உங்கள் லாந்தரை ஏற்றினோம்.

அந்த லாந்தரின் வாசனை மாறவே இல்லை மாமா. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பொடிமீன் வரும், பொடிமீனுக்குக் கிராப்பி வரும், கிராப்பிக்கு மில் வேலை முடிந்து மொத்தத் தெருவும் மடக்கு நாற்காலியோடு வரும். ஒடெஸா அத்தை கரையிலேயே சோளமாவில் புரட்டிப் பொரிப்பார். நான் தூண்டிலை வெடுக்கென்று இழுத்தால், "அதோட வாய் காகிதம்டி, கிழிஞ்சிரும். இழுக்காத, கூப்பிடு" என்பீர்கள். அப்போது யாரும் பணக்காரர் இல்லை. யாருக்கும் அந்த ராத்திரிகளில் அது உறைக்கவும் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு மீன்கூட வரவில்லை. பூச்சி மட்டும் என் வாய்க்குள் வந்தது. அதைத் துப்பக் குனிந்ததில் இரைக்கு வைத்திருந்த பொடிமீன் வாளி கவிழ்ந்தது, வாளியை நிமிர்த்தப் போன அண்ணனின் தொப்பியில் என் தூண்டில் முள் மாட்டியது, அதைக் கழற்றுவதற்குள் மேலே கிளையிலிருந்து ஒரு நீர்ப்பாம்பு படகுக்குள் விழுந்தது, அண்ணன் துடுப்பால் அடித்தார், பாம்பு தப்பித்தது, லாந்தர் தண்ணீருக்குள் போனது, துடுப்பு இரண்டாக உடைந்தது.

"பாம்பு எங்கடி?" என்று அண்ணன் கத்தினார்.

"நீதானே டார்ச் கொண்டு வர்றேன்னு சொன்ன?"

"உன் காலுக்குக் கீழ பாரு!"

"எதை வச்சுப் பாக்குறது?"

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே நீரோட்டத்தில் இழுபட்டுப் போய் ஹாலோவெல்லின் மரப் படகுத்துறையில் முட்டினோம். அங்கேதான் புரிந்தது. அழகுக்காக அவர் துறை முழுக்க விளக்கு போட்டிருக்கிறார். பூச்சியெல்லாம் அங்கே, நம் கிராப்பியெல்லாம் அங்கே! வெள்ளித் தட்டு தட்டாக நிற்கின்றன. நான் தூண்டிலை இறக்கியதும் அவர் குளியல் அங்கியோடு ஓடிவந்தார்.

"இது தனியார் இடம். கிளம்புங்க!"

"சார், நாங்க தண்ணில இருக்கோம். தண்ணியும் உங்களதா?"

அவர் போய் விளக்கை அணைத்துவிட்டார். மீனும் போயிற்று, வழியும் போயிற்று. உடைந்த துடுப்பாலும் கையாலும் தள்ளிப் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆளும் மீனும் ஒருவனுடைய சுவிட்சுக்குக் கட்டுப்பட்ட ஓடையில் உங்களுக்கு என்ன வேலை? விற்றுவிடுங்கள்.

கர்த்தர் உங்கள் முழங்காலைத் தொட்டுக் குணமாக்கட்டும். அம்மாவின் அன்பு.

உங்கள் டனிதா

பின்குறிப்பு: படகை விற்காதீர்கள். உறையை ஒட்டும்முன் அண்ணன் சேதி கொண்டுவந்தார்: நாங்கள் திருட வந்தவர்கள் என்று பயந்து ஹாலோவெல் மூன்று பெரிய விளக்குகளைக் கூடுதலாக வைத்திருக்கிறார், விடியும்வரை அணைப்பதே இல்லையாம். நேற்று ராத்திரி போனோம். வளைவு முழுக்கப் பகல். கரையில் கால் வைக்கவில்லை. ஹாலோவெல் வனத்துறை ஆளையே வரவழைத்துவிட்டார். வந்தவர் எங்கள் மீன்பிடி லைசென்ஸைப் பார்த்துவிட்டு, "தண்ணில இருக்குறவங்கள நான் ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று அவரிடம் சொல்லி, என் பக்கம் குனிந்து, "எவ்ளோ ஆழத்துலம்மா கடிக்குது?" என்று கேட்டார். ஐஸ்பெட்டியை மூட முடியாத அளவுக்கு மீன். நான் ஒன்றைக்கூட இழுக்கவில்லை மாமா, கூப்பிட்டேன். சீக்கிரம் வாருங்கள். லாந்தர் வாங்கி வர வேண்டாம்.