மீன் தொட்டிக்கு நான் செய்த ஆயுத பூஜை

வீட்டில் முதன்முதலாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. எனக்கு அது ரொம்ப நாளாக முற்றிய நிலையில் இருந்தது.

என் மேல் மட்டும் தப்பு சொல்ல முடியாது. நைனா பூந்தமல்லி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். சொந்தத்தில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும், மாத்திரை அட்டையிலிருந்து கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் வரை, “குமாரு கைல குடு, அவன் படிச்சவன்” என்று என்னிடம்தான் வரும். நான் வாங்கி, நெற்றியைச் சுருக்கி, இரண்டு முறை தலையாட்டி, எதையாவது சொல்லிவிடுவேன். (பத்தாவது படிக்கும்போது, மாமாவின் நாய்க்கடி ஊசிச் சீட்டைப் பார்த்துவிட்டு அவருக்குச் சர்க்கரை வியாதி என்று அறிவித்தேன். மனிதர் அன்றோடு இனிப்பை விட்டார். உடம்பு இளைத்து நன்றாக ஆகிவிட்டதால் இன்றைக்கும் என் மேல் நன்றியோடு இருக்கிறார்.)

இந்த வியாதியோடேயே டிப்ளமா முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஆகி, தீபாவைக் கல்யாணம் செய்து, திருமுல்லைவாயிலில் ஒரு ஃப்ளாட்டின் இரண்டாவது மாடிக்குக் குடிவந்து, யாழினிக்கு அப்பாவும் ஆனேன். ஆறாவது பிறந்தநாளுக்கு அவள் மீன் தொட்டி கேட்டாள். ஃப்ராக் கேட்டிருக்கலாம்.

மீன் கடைக்காரர் ரொம்பப் பொறுமைசாலி. எதை எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் இதற்கென்றே வாங்கிப் போயிருந்த நாற்பது பக்க நோட்டில் தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டேன். நடுவில் கரண்ட் போனது. கடைக்காரர் எழுந்து போய் தொட்டிகளின் பக்கத்தில் ஏதோ செய்தார். யாழினி அவர் பின்னாலேயே ஓடினாள்.

“அப்பா, இந்த மாமா இன்னா பண்றாரு பாரேன்.”

“இரு கண்ணு, அப்பா நோட்ஸ் எடுக்கறேன்ல” என்றேன், செல்போன் வெளிச்சத்தில் அடிக்கோடு போட்டபடி.

மூன்று தங்கமீன்கள் வந்தன. யாழினிதான் பெயர் வைத்தாள். மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டே இருந்தது லிஃப்ட். மூலையில் ஒரே இடத்தில் நின்றது செக்யூரிட்டி. கண்ணை உருட்டிக்கொண்டு மற்ற இரண்டையும் துரத்தியது டியூஷன் மிஸ். அவளோடு படிக்கும் ஒரு பையனின் மீன் ஒரே வாரத்தில் செத்துப்போய், அதை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்களாம். அந்தக் கதை அவள் மனதில் தங்கிவிட்டது.

“நம்ம மீனு சாகாதுல்ல?”

“அப்பா இருக்கேன்ல. ஒண்ணுகூட சாகாது” என்றேன்.

யோசிக்கவே இல்லை. படித்தவன்.

நோட்டில் அழகாகக் கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன். ஞாயிறுதோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றுதல். கண்ணாடி துடைத்தல். மோட்டார் ஓடுகிறதா என்று தினமும் பார்த்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம்.

முதல் மாதம் சொன்னபடி நடந்தது. பிறகு வாழ்க்கை குறுக்கே வந்தது. எனக்குக் காலை ஷிஃப்ட். தீபாவுக்கு ஆவடியில் ஒரு கிளினிக்கில் வேலை. ஸ்கூல் வேன் விட்டுவிட்டுப் போன நாட்களில் பைக்கில் பின்னாலேயே துரத்த வேண்டும். நாளைக்கு வேண்டும் என்று இன்றைக்குத்தான் சொல்லப்படும் தெர்மாகோல் எரிமலைகளைச் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்கடை வரிசை, இல்லாவிட்டால் யாராவது வீட்டுக் காதுகுத்து. தண்ணீர் மாற்றுவது மட்டும் அடுத்த ஞாயிற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ஆனால் டிக் மட்டும் நிற்கவில்லை. அதுதான் என் தொழில் தந்த திறமை. ஆடிட் வருகிறது என்றால் முதல் நாளே உட்கார்ந்து, விட்டுப்போன கட்டங்களை மூன்று விதப் பேனாவால் நிரப்பி, மூன்று பேர் எழுதியது போலக் காட்டக்கூடியவன் நான். அதே கையால் மீன் நோட்டிலும், நேரம் கிடைத்த ஒரு நாளில், வரப்போகும் மாதம் முழுவதற்கும் டிக் போட்டு வைத்தேன்.

நோட்டின்படி எங்கள் தொட்டிதான் ஆவடி வட்டாரத்திலேயே சுத்தமானது. தொட்டியின்படி, தண்ணீர் கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் இருந்தது. “அப்பா, செக்யூரிட்டியக் காணோம்” என்று யாழினி ஒருநாள் அழுதபடி வந்தாள். கையை விட்டுத் துழாவியதில், பாவம், அது தன் மூலையில் டியூட்டியில்தான் இருந்தது.

அப்போதுதான் ஆயுத பூஜை லீவு வந்தது.

எஸ்டேட்டில் வேலை செய்பவனுக்குத் தீபாவளியைவிட இது பெரிது. மெஷினை எல்லாம் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, ஸ்விட்சை அணைத்துவிடுவோம். மறுநாள் பூஜை முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. வருஷமெல்லாம் உழைத்ததற்கு ஒருநாள் ஓய்வு. கேட்கவே மரியாதையாக இருக்கும்.

காலையிலேயே வாளியோடு இறங்கினேன். கால் பங்கு தண்ணீரை மாற்றினேன். அடியில் இருந்த கூழாங்கற்களைக் கரண்டி விட்டுக் கிண்டி, மாதக்கணக்கில் அமைதியாகப் படுத்திருந்த கழிவை எழுப்பிவிட்டேன். ஃபில்டர் மோட்டாரைப் பிடுங்கிக் கழற்றிக் கழுவினேன். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு விசிறி இருந்தது. மோட்டாரின் உயிரே அதுதானே என்று அந்த விசிறிக்கும் ஒரு பொட்டு, அம்மா கையால் அரைத்த கெட்டிச் சந்தனத்தில், தாராளமாக வைத்து மூடினேன். பூஜைப் பலகையில் பைக் சாவி, லேப்டாப், தீபாவின் தையல் மெஷின், யாழினியின் பாடப் புத்தகங்கள் வரிசையில் மோட்டாருக்கும் இடம் கொடுத்தேன். புத்தகங்களின் மேல் மீன் நோட்டையும் வைத்தேன்.

பூந்தமல்லியிலிருந்து அம்மாவோடு வந்திருந்த நைனா தொட்டியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாடா, அது மோட்டாரு இங்க கீது?”

“நாளைக்குக் காலைலதான் நைனா எடுக்கணும். அதுவும் ஆயுதம்தானே.”

“அதுங்களுக்கு அது இல்லாங்காட்டி ஒண்ணும் ஆவாதா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வருமா, வராதா? “கோவில்பதாகை ஏரில எவ்ளோ மீனு கீது? யாரு மோட்டாரு போட்டா அங்க?”

“அது ஏரிடா.”

“தண்ணி தண்ணிதான் நைனா.”

நைனா தோளைக் குலுக்கிக்கொண்டார். தீபா மட்டும் சமையலறையிலிருந்து, “ஏங்க, எதுக்கும் அந்த நோட்ல ஒருவாட்டி பாத்துக்கோங்க” என்றாள். நான் பலகையைக் கை காட்டினேன். பூஜையில் வைத்த புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்று பெரியவர்கள் தெரியாமலா சொன்னார்கள்?

பதினோரு மணிக்குப் பூஜை சிறப்பாக நடந்தது. தொட்டியின் கண்ணாடிக்கும் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். மீன்கள் அதன் பின்னால் கோயில் கருவறையில் இருப்பது போலத் தெரிந்தன.

மதியச் சாப்பாடு முடிந்து, மேல் மாடியிலிருந்து சங்கரலிங்கம் பொரி சுண்டலுக்கு வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சுண்டலை மென்றபடி தொட்டிக்குள் பார்த்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“சார், மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்கி.”

“பசிங்க” என்றேன். “இன்னிக்கு லேட்டாயிடுச்சு.”

ஒரு சிட்டிகை தீனி போட்டேன். தின்னவில்லை. இன்னொரு சிட்டிகை போட்டேன். அம்மா, பாவம், நல்ல நாளும் அதுவுமாக அதுங்க மட்டும் வெறும் வயிற்றோடு இருக்கின்றனவே என்று ஒரு பிடி பொரியைத் தூவினார். வெள்ளை வெளேரென்று மிதந்த பொரிக்கு நடுவே மூன்று வாய்கள் திறந்து திறந்து மூடின.

“பாத்தீங்களா, பொரி கேக்குது” என்றேன் சங்கரலிங்கத்திடம்.

அப்போது டியூஷன் மிஸ் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

யாழினி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ இருக்கேன்னு சொன்னியேப்பா” என்றாள்.

முப்பத்திரண்டு வயது வரை வளர்த்து வைத்திருந்த என் நெற்றிச் சுருக்கம், தலையாட்டல் எல்லாம் அந்த ஒரு வரியில் காலி. மோட்டாரைப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தேன். பூஜையில் வைத்ததைத் தொட்டால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னாத்துக்கு என் மூஞ்சப் பாக்கற? உசுருடா அது. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன், எடு” என்றார் அம்மா.

எடுத்தேன். தொட்டியில் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன். ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அவ்வளவுதான். ஒரு குமிழி வரவில்லை.

விசிறிக்கு வைத்த சந்தனம், அம்மா கையால் அரைத்த கெட்டிச் சந்தனம், காய்ந்து சிமெண்ட் ஆகியிருந்தது.

பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு தரையில் உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றினேன். சங்கரலிங்கம் செல்போனில் தேடி, “கடையில ஏர் பம்ப் வாங்கலாம்னு போட்டுருக்கு சார்” என்றார். ஆயுத பூஜையன்று கடைக்காரரும் தன் ஷட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தானே போயிருப்பார்.

யாழினி காணாமல் போனாள். திரும்பி வந்தபோது கையில் பாத்ரூம் மக்கு இருந்தது, நீலக் கலர் பிளாஸ்டிக். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். தொட்டித் தண்ணீரையே மொண்டு, கையை உயர்த்தி, மேலேயிருந்து ஊற்றினாள். மறுபடி மொண்டாள், ஊற்றினாள். தண்ணீருக்குள் குமிழிகள் கொப்புளித்து இறங்கின.

“இன்னாம்மா பண்ற?” என்றார் நைனா.

“கரண்ட் போனப்ப கடக்கார மாமா இப்படித்தான் ஊத்தினாரு தாத்தா. மீனுக்குக் காத்து போவுமாம். அப்பாவ பாக்கச் சொன்னேன், பாக்கல.”

நைனா வேட்டியை மடித்துக் கட்டினார். “குடு இப்படி.”

மூட்டை தூக்கிய கைகள் டீ ஆற்றுவது போல ஆற்றின. அவருக்குத் தோள் வலித்ததும் தீபா வாங்கிக்கொண்டாள், அடுத்து சங்கரலிங்கம், அப்புறம் அம்மா. ஹால் முழுக்கத் தண்ணீர். சுண்டல் தட்டில் தண்ணீர். தொட்டியின் பட்டையும் குங்குமமும் வழிந்து போயின. நடுவில் நான், இந்த வீட்டின் படித்தவன், ஒரு விசிறியின் பல்லைத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

“தண்ணி தண்ணிதான் நைனா” என்று என் குரலிலேயே ஒருமுறை சொல்லிவிட்டு, நைனா மறுபடி மக்கை வாங்கிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து விசிறி சுற்றியது. சாயங்காலம் ஆனபோது லிஃப்ட் கீழே இறங்கியது. செக்யூரிட்டி மூலைக்குத் திரும்பியது. கடைசியாக டியூஷன் மிஸ் நிமிர்ந்து, கண்ணை உருட்டி, எதிரே இருந்த என்னை முறைத்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் பிள்ளைகள் ஒரு வரியாவது படிக்க வேண்டும். “யாழு, ஒரு புக்க எடுத்துப் படிம்மா” என்றார் அம்மா. சங்கரலிங்கமும் மீன் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். யாழினி பாடப் புத்தகங்களை விட்டுவிட்டு, மேலே இருந்த என் நோட்டை எடுத்தாள். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

“மோ... ட்டா... ரை... எக்... கா... ரணம்... கொண்டும்... நிறுத்... தக்... கூடாது.”

முதல் பக்கம், முதல் வரி. என் கையெழுத்து.

“அடில ரெண்டு கோடு வேற போட்டுருக்குப்பா” என்றாள். பக்கத்தைப் புரட்டினாள். விரல் ஒரு கட்டத்தில் நின்றது. “நேத்து தேதிக்கு ‘மோட்டார் ஓடுகிறது’ன்னு டிக் போட்டுருக்கே. நேத்து ஓடலயே. இது நாளைக்கு. நாளைக்கும் போட்டுருக்கே.”

நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மோட்டார் மட்டும் ஓடியது.

“படிச்சவன்மா” என்றார் நைனா. “நாளிக்கு ஓடப்போறதுகூட அவனுக்குத் தெரியும்.”

மூன்று வருஷம் ஆகிவிட்டது. நோட்டும் பேனாவும் யாழினியிடம்தான் இருக்கின்றன. ஞாயிறு காலையில் கறிக்கடைக்கு முன்னால் நான் வாளியோடு நின்றாக வேண்டும். அவள் கண்ணால் பார்க்காமல் டிக் விழாது. (கம்பெனியிலும் இப்போது பார்த்துவிட்டுத்தான் டிக் போடுகிறேன். ஒரு கட்டத்தை நிரப்பப் போனாலே டியூஷன் மிஸ் முறைக்கிறது.) ஆயுத பூஜையன்று மோட்டார் ஓட ஓட வெளியிலிருந்தே அதற்குப் பொட்டு. பலகையில் அதன் இடத்தில் நீல மக்கு உட்கார்ந்திருக்கும், சந்தனம் குங்குமத்தோடு.

சொந்தக்காரர்கள் இன்றைக்கும் காகிதங்களோடு வருகிறார்கள். போன மாதம் சித்தப்பா ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் கொண்டுவந்தார். நைனா வழக்கம்போல, “குமாரு கைல குடு, அவன் படிச்சவன்” என்றார். நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கை நீட்டினேன்.

“அப்பால யாழு கைலயும் ஒரு தபா காட்டிடு” என்றார் நைனா.