‘ம்’ என்கிற ரப்பர்

இனி வீட்டில் எது நடந்தாலும் அசைந்து கொடுப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. அதனால் சுத்தமான முடிவு என்றே நம்பினேன்.

என் தொழில் அப்படி. நிலநடுக்கத்திலிருந்து கட்டடங்களைக் காப்பாற்றுகிற பொறியாளன் நான். கட்டடத்தைத் தரையோடு இறுக்கிக் கட்டாமல், தூண்களுக்கு அடியில் ரப்பரையும் இரும்புத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிய தடித்த மெத்தைகளை வைப்போம். பூமி என்ன ஆட்டம் போட்டாலும் மேலே இருக்கிற கட்டடம் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. ஊர் ஆஸ்பத்திரிக்கெல்லாம் ரப்பர் வைத்த எனக்கு, சொந்த வீட்டுக்கு ஒன்று வைக்க இத்தனை நாள் தோன்றவில்லை.

வீட்டு நிலநடுக்கத்துக்குக் காரணம் என் அறை. ஜன்னல், மேசை, சாய்வு நாற்காலி, எல்லாம் எனக்கே எனக்கு. அந்த அறை தன் தையல் மிஷினுக்கு வேண்டும் என்கிறாள் மனைவி. நான் கொடுப்பதாக இல்லை. வாதாடினால் தோற்பேன், அனுபவம் இருக்கிறது. அதனால் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ரப்பர் வைத்தேன். அதன் பெயர் ‘ம்’.

“என்னங்க, யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. சமையலறைக்குப் போற வழியில உக்காந்து தைக்கவே முடியல.”

“ம்.”

“நான் பேசறது காதுல விழுதா?”

“ம்.”

“விழுந்து என்ன பண்ணுது?”

“ம்.”

அபாரமாக வேலை செய்தது. புதன்கிழமைக்குள் வீட்டில் அதிர்வே இல்லை. சாப்பிடும்போது பெருமை தாங்காமல் தொழில் ரகசியத்தை அவளிடமே அவிழ்த்துவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே!

“பூமி ஆடறதை நிறுத்த முடியாதும்மா. அதோட குணம் அது. கட்டடத்தைக் காப்பாத்திக்கலாம், அவ்வளவுதான்.”

“பூமின்னு யாரைச் சொல்றீங்க?”

“பொதுவாச் சொன்னேன்.”

“கட்டடம்?”

“அது... கொஞ்சம் அமைதியான ஆளு.”

அவள் சிரிக்கவில்லை. கை காய்ந்துபோகும்வரை யோசித்தாள்.

“பூமி ஆடுது, கட்டடம் ஆடல. அப்ப அந்த ஆட்டமெல்லாம் எங்க போகுது?”

நல்ல கேள்வி. எங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள்கூடக் கேட்பதில்லை.

“ரப்பர் வாங்கிக்கும். அப்படியும் இப்படியும் வளைஞ்சு குடுக்கும். அது வளையறதாலதான் மேல இருக்கிறது கம்பீரமா நிக்குது.”

“மேல இருக்கிறவங்களுக்கு அது தெரியுமா?”

“எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு அடியில கிடக்கும். யார் போய்ப் பாக்கப் போறா?”

“அப்ப இந்த வீட்ல நான் பூமி இல்லீங்க. நான்தான் ரப்பர்.”

எனக்கு ‘ம்’கூட வரவில்லை.

மறுநாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அவள் மிஷினை நிறுத்தி, நாற்காலியோடு நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டு எனக்கு வழிவிட்டாள். திரும்பி வரும்போதும் அப்படியே. இத்தனை காலமும் இப்படித்தான் வழிவிட்டிருப்பாள், நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டே போயிருப்பேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அறையைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் நானாக, பெருந்தன்மையோடு கொடுத்ததாக இருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அறிவிப்பது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வரி பேச்சுகூடத் தயார்.

சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தால் என் மேசை ஹாலில் நிற்கிறது. என் அறைக்குள் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

“யாரைக் கேட்டு மாத்தினே?”

“உங்களைத்தான். செவ்வாய்க்கிழமை, ‘ரூமை எடுத்துக்கட்டுமா’ன்னு கேட்டேன். ‘ம்’னீங்க. ‘மேசையை ஹால்ல போட்டுடவா’ன்னேன். அதுக்கும் ‘ம்’.”

குனிந்து பார்த்தேன். மேசையின் நாலு கால்களுக்கும் அடியில் நீல நிறத்தில் ரப்பர் துண்டுகள்.

“மிஷின் ஓடினா உங்களுக்கு அதிரக் கூடாதுல்ல? அதான் வச்சேன்.”

“இது என் செருப்பு!”

“வெட்டிக்கட்டுமான்னு கேட்டேனே.”

அதற்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். கடைசியாக என் பெருந்தன்மையையாவது காப்பாற்றப் பார்த்தேன்.

“இந்த ரூமை இன்னிக்கு நானே உனக்குக் குடுக்கறதாத்தான் இருந்தேன், தெரியுமா?”

அவள் தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ம்,” என்றாள்.