சிறுமலைக்குப் போன நாற்காலி

மூட்டை தூக்குகிறவனுக்கு எடை தெரியும், தூரம் தெரியாது. இதை நான் தெரிந்துகொள்ள ஒரு மலையே தேவைப்பட்டது.

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குவது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். (பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை.) தோளில் ஏறியது கடைக்குள்தான் இறங்கும். வழியில் இறக்கி வைத்தான் என்று என்னை யாரும் சொன்னதில்லை. அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

மூட்டைக்குப் பயப்படாத நான் மனுஷருக்குப் பயப்படுவேன். மகள் செல்விக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் மாப்பிள்ளையிடம் நான் பேசியது இரண்டே வாக்கியம். "வாங்க மாப்பிள்ளை." "சாப்பிடுங்க மாப்பிள்ளை." கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவரிடம் வெங்காய விலையா பேச முடியும்?

லீவு கிடைத்தால் கூட்டாளிகளோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலை ஏறுவது அவர் வழக்கம். ஒரு தடவை நம் சிறுமலைக்கே வருவதாக முடிவு செய்தார்கள். "மாமாவும் வரட்டும்" என்று சொல்லி எனக்கு ஒரு சின்ன நீலப் பையும் கொடுத்தனுப்பினார்.

"தண்ணி பாட்டிலும் ஒரு துண்டும் போதுமாம்ப்பா" என்றாள் செல்வி போனில்.

என் மனைவி பாண்டியம்மா விடுவாளா?

"மாப்பிள்ளை மொதத் தடவையா ஒங்கள ஒரு எடத்துக்குக் கூப்பிடுறாரு. வாய்தான் பேசாது. கையாச்சும் பேசட்டும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நம் ஊர் மலைக்கு வருகிறவர் நம் வீட்டுக்கு வந்த மாதிரிதானே? தூக்குவாளி நிறைய ஆட்டுக்கறி, இன்னொரு தூக்கில் சோறு, ரசத்துக்கு ஒன்று, தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு இரண்டு, ஒரு கட்டு வாழை இலை, கை கழுவச் செம்பு, ஒரு குடம் தண்ணீர், விரிக்க ஜமுக்காளம், மழை வந்தால் தார்ப்பாய், சந்தையில் வாங்கிய சிறுமலை வாழைப்பழம் நாலு சீப்பு. எல்லாவற்றையும் ஒரு வெங்காயச் சாக்கில் அடுக்கினேன். மாப்பிள்ளை கொடுத்த புதுப் பை அழுக்காகிவிடக் கூடாதே என்று அதையும் மடித்துச் சாக்குக்குள்ளேயே வைத்தேன். கடைசியாக உச்சியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துக் கயிற்றால் இறுக்கினேன். மாப்பிள்ளை தரையில் உட்காரலாமா?

அடிவாரத்தில் அவர்கள் நாலு பேரும் என்னைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டையை வாங்கிக்கொள்ள மாப்பிள்ளை கை நீட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். மாப்பிள்ளை தோளில் மாமனார் மூட்டையா? பேட்டையில் தலை காட்ட முடியுமா?

முதல் வளைவு வரை நான் ராஜா. அதற்கு மேல்தான் ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷம் நான் தூக்கியதெல்லாம் லாரியிலிருந்து கடை வரைக்கும்தான். இங்கே கடை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினேன். "நீங்க போங்க" என்று கையைக் காட்டினேன். போய்விட்டார்கள்.

ஒற்றையடிப் பாதை இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்தது. நான் புகுந்தேன். நாற்காலி புகவில்லை. அதன் கால்கள் கிளைகளில் மாட்டிக்கொண்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மூட்டையை முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிறு நெஞ்சில் குறுக்கே இறுகிவிட்டது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட எனக்குக் கூச்சம்.

தலையில் பலாப்பழத்தோடு ஒரு மலைக்காரர் இறங்கி வந்தார்.

"என்னண்ணே, மரத்தோட மரமா நிக்கிறீக?"

"சும்மா... காத்து வாங்குறேன்."

அவர் என்னைச் சுற்றிப் பார்த்தார். "நாற்காலிய வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டா வாங்குறீக?" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

செத்த நேரத்தில் "மாமா! மாமா!" என்று மாப்பிள்ளையின் குரல். ஓடி வந்தவர் வாயைப் பிளந்து நின்றார்.

"மாமா, கீழயே கேக்கணும்னு நெனச்சேன். இது என்ன?"

"நாற்காலி."

"அது தெரியுது மாமா. எதுக்கு?"

"நீங்க தரையில உக்காரக் கூடாதுல்ல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கயிற்றில் கை வைத்தார். "வேண்டாம் மாப்பிள்ளை, நீங்க தொடக் கூடாது" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு, எனக்கு எதிரே அந்த மண் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சரி மாமா. நீங்களா சொல்ற வரைக்கும் நானும் இங்கதான்."

எந்தத் தரையில் அவர் உட்காரக் கூடாது என்று நாற்காலி சுமந்தேனோ, அந்தத் தரை! பேண்ட்டெல்லாம் செம்மண். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, தோள் வலிக்குது. அவுத்து விடுங்க."

என் வாழ்நாளில் யாரிடமும் நான் சொல்லாத வாக்கியம் அது.

கயிற்றை அவிழ்த்தார். சாக்கைத் தூக்கப் பார்த்தார், அது அசையவில்லை. கூட்டாளிகள் இறங்கி வந்தார்கள். நான் ஒற்றையாளாகச் சுமந்ததை நாலு பேரும் பிரித்துச் சுமந்தார்கள். அதற்கே மூச்சு வாங்கினார்கள். (நான் ஓரக்கண்ணால் கவனித்தேன்.) நாற்காலி மாப்பிள்ளை தலையில் ஏறியது.

மேலே போனதும் அதில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். அவர்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டை நம்பி வந்த பிள்ளைகள் கறித் தூக்கைத் துடைத்து வைத்தார்கள். ஒருவர் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார். "மாமா, இந்தப் பழம் இந்த மலையிலிருந்துதானே கீழ வருது?"

"ஆமா. அதான் சொந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்றேன். எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. மலையே சிரித்தது.

அந்த நாற்காலி இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "எங்க மாமா சிறுமலை உச்சிக்குச் சுமந்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை காட்டுகிறார். (பாதி மலை அவர்தான் சுமந்தார். அதைச் சொல்வதில்லை.) வேறு யாரையும் அதில் உட்கார விடுவதுமில்லை.

போன வாரமும் போன் செய்தார். "மாமா, அடுத்து கொல்லிமலை. கட்டிலை எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்தாச்சு மாப்பிள்ளை. ஒரு பக்கம் நீங்க பிடிக்கணும்" என்றேன்.