பாதிக் கோபுரமும் ஒரு டிரான்ஸ்பார்மரும்

திருச்சிக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தவன் நான். என் தெருவுக்கு எவ்வளவு வேண்டும் என்பதில் மட்டும் கோட்டை விட்டேன். அதுவும் வேண்டுமென்றே.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டாவது டிரான்ஸ்பார்மர் வைக்க மாலதி வந்தாள். என்னிடம் வேலை பழகியவள், இப்போது எங்கள் பகுதி மின்வாரியப் பொறியாளர். அவள் காட்டிய இடம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அங்கே வைத்தால், மாடியில் காபியும் கையுமாக நான் பார்க்கும் ராஜகோபுரத்தில் பாதி மறைந்துவிடும்.

"இருக்கறதே தாங்கும்மா" என்றேன்.

"எல்லார் வீட்லயும் ஏசி வந்திருச்சு சார்."

"எனக்கே லோடு கணக்கு சொல்றியா?"

பழைய மேலதிகாரியை எப்படி மறுப்பாள்? வேலையைத் தள்ளிப்போட்டாள்.

சித்திரையில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் சம்பந்தி, ஏசி மண்டபம் பிடிக்கலாம் என்றார்.

"மண்டபம் எதுக்குங்க? நான் இருக்கற தெருவுல கரண்டு போகுமா?" என்று மார்தட்டினேன். (என்ன திமிர்!)

வீட்டு ஏசிகள் போதாதென்று வாடகை ஏசிகள் வேறு. கொல்லையில் வடைக்குக் கிரைண்டர். உச்சி வேளையில் தட்டு மாற்றப் போகையில் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 'டமார்!'

தெருவே இருண்டது என்று எழுத முடியாது, நல்ல பகல். ஆனால் தெருவே வியர்த்தது. சம்பந்தியம்மாளின் நெற்றிக் குங்குமம் மூக்குவரை இறங்கியது. புரோகிதர் தாம்பூலத் தட்டால் விசிறிக்கொண்டார்.

ஆட்களோடு ஓடிவந்த மாலதியைச் சம்பந்தி பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இன்னொரு டிரான்ஸ்பார்மர் வைக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "இடம் சரியா அமையலைங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பழி அவள் தலையில் விழுந்திருக்கும். கல்யாணமே நின்றுபோனாலும் சரி என்று தொண்டையைச் செருமினேன்.

"இடம் இருந்துச்சு சம்பந்தி. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏங்க?"

"கோபுரம் மறைக்கும்னு."

"எங்கிட்டகூடச் சொல்லலையே!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

சம்பந்தி தட்டை நீட்டினார். "சீக்கிரம் மாத்துங்க. கரண்டு வர்றதுக்குள்ள இவரு இன்னும் எதை எதை ஒத்துக்கப் போறாரோ!"

கல்யாணத்துக்கு முன்பே புது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. இப்போது வீட்டுக்கு வீடு ஏசி, வாசலில் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர்கள். இந்தக் கோடையில் விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. என்னை மீறி என் மாணவி போட்ட கணக்கு அது. பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை போன் செய்தால் நலம் விசாரிப்பதில்லை.

"மாமா, கோபுரம் எவ்வளவு தெரியுது?"

"பாதிதான் மாப்பிள்ளை. ஃபேன் முழுசா ஓடுது!"