நேசராஜாவின் பெறுமதிமிக்க வாக்கு

டென்மார்க் நாட்டில் ஜனாதிபதி கிடையாது. மகாராணி இருக்கிறார். அவரை யாரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வதில்லை, ஆகவே தோற்றுப்போனவர் என்று ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட நிம்மதியான தேசத்திலே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதத்தில், டோஸ்ட்ருப்பில் இயங்கிய புதியோர் வழிகாட்டு நிலையமானது அகதிகளிடம் பின்வரும் கேள்வியைக் கேட்பதென ஏகமனதாகத் தீர்மானித்தது: கடந்துபோன ஜனாதிபதித் தேர்தல்களில் எதை நீங்கள் நேரில் கண்டிருக்க விரும்புவீர்கள்?

ஏன் இந்தக் கேள்வி என்று கேட்கக் கூடாது. அந்த வருடம் அலுவலகங்களில் உரையாடல் வட்டம் என்பது புது மோஸ்தர். முந்திய வருடம் இதே அகதிகளைக் களிமண்ணில் சாடி செய்ய வைத்தார்கள். மேசைகளைச் சுவரோடு ஒதுக்கி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பட்டப்பகலில் மெழுகுதிரி கொளுத்திக் கதைத்தால் மனிதன் மலர்வான் என்று இப்போது யாரோ ஒரு நிபுணர் கண்டுபிடித்துவிட்டார். அமெரிக்காவில் அப்போதுதான் தேர்தல் முடிந்திருந்தபடியால் தலைப்புக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

நேசராஜாவுக்கு மலரும் உத்தேசம் இல்லை. அவனுக்கு வேண்டியது கோப்பன்ஹேகனில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சட்டி கழுவும் வேலை. வேலை கிடைத்தால் வீடு எடுக்கலாம். வீடு எடுத்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி இன்பமலரைக் கூப்பிடலாம். இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வட்டத்தில் மிகச் சிறந்த பதிலைச் சொன்னவரை வட்டமே வாக்கெடுத்துத் தெரிவு செய்யும், அவரே சட்டி கழுவச் சிபார்சு செய்யப்படுவார். ஜனாதிபதித் தேர்தலுக்கும் சட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவருக்கு நவீன நிர்வாகம் விளங்காது.

வட்டத்தை நடத்தியவர் கிர்ஸ்டன் என்ற அதிகாரி. இங்கே எல்லோரும் சமம், ஆகவே தன்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. மொழிபெயர்ப்பாளர் தவராஜா. மற்றவர்களுக்குச் சில மாதங்கள் முந்தி வந்து இறங்கியதுதான் அவருடைய தகுதி. நேரில் கண்டவர் என்பதற்கு டெனிஷில் உள்ள சொல்லைப் பொலிஸ் விசாரணைகளில்தான் அவர் கேட்டிருந்தார்.

"எந்த எலெக்சனுக்கு நீங்கள் சாட்சி எண்டு கேக்கிறா," என்று மொழிபெயர்த்தார்.

சாட்சி என்ற சொல் விழுந்ததும் வட்டம் விறைத்துப்போனது. அங்கே இருந்த ஒவ்வொருவரும் அகதி விசாரணையில் சொன்ன தங்கள் கேஸை வரி பிசகாமல் பாடமாக்கி வைத்திருந்தவர்கள். இன்றைக்குப் புதிதாக ஒன்றைக் கண்டதாகச் சொன்னால், அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நாளைக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

"நான் ஒண்டும் காணேல்லை," என்றான் நேசராஜா. "அண்டைக்கு எனக்குக் காய்ச்சல்."

"எண்டைக்கு எண்டு கேக்கிறா."

"எண்டைக்கெண்டாலும்."

நூறு வருடத்துக்கு முந்திய தேர்தலாகவும் இருக்கலாம், அமெரிக்காவில் நடந்ததாகவும் இருக்கலாம் என்று கிர்ஸ்டன் பொறுமையாக விளக்கினார்.

"அப்பவும் நான் அங்கை இல்லை. வேணுமெண்டால் மனுசியைக் கேக்கச் சொல்லுங்கோ, அண்ணை."

ஜனநாயகத்தைக் கண்டு இவ்வளவு பயப்படும் மக்களைத் தான் பார்த்ததேயில்லை என்று கிர்ஸ்டன் கவலைப்பட்டார். பார்க்க ஆசைப்படுவதுதான் கேள்வி, பார்த்தது அல்ல என்று தவராஜாவுக்கு விளங்கி, அவர் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த மெழுகுதிரி பாதியாகிவிட்டது.

பிறகு பதில்கள் வந்தன. ஊரில் ரியூட்டரி வகுப்பு நடத்திய சிறீஸ்கந்தராசா, அமெரிக்காவில் அடிமைகளை விடுவித்தவர் தெரிவான தேர்தலைச் சொன்னார். காரணங்களை நோட்ஸ் தருவதுபோல் மெதுவாகச் சொன்னதில் இரண்டு பேர் நித்திரையாகிவிட்டார்கள். அடுத்தது சுசீலாதேவி. அவர் கெட்டிக்காரி.

"டென்மார்க்கிலை நடந்த ஜனாதிபதித் தேர்தலைப் பாக்க விருப்பம்."

"இங்கே அப்படி ஒன்று நடக்கவே இல்லையே," என்றார் கிர்ஸ்டன்.

"அதுதான் விருப்பம். ஒரு கரைச்சலும் இல்லாமல் முடிஞ்ச தேர்தல் அது ஒண்டுதான்."

கிர்ஸ்டன் கைதட்டினார். சட்டியும் வீடும் இன்பமலரும் கைநழுவிப் போவது நேசராஜாவுக்குத் தெரிந்தது. இனி மறைத்து என்ன பயன் என்று உள்ளதைச் சொன்னான்.

"எங்கடை நாட்டிலையும் ஜனாதிபதி எலெக்சன் நடந்தது. வெள்ளனவே முழுகி, வெளுத்த சேட்டுப் போட்டுக்கொண்டு போனன். உம்மடை வோட்டு விழுந்திட்டுது எண்டிச்சினம். நான் இப்பதானே வாறன் எண்டன். இல்லை, காலமையே வந்து போட்டிட்டுப் போயிட்டீர் எண்டிச்சினம். அந்த எலெக்சனைத்தான் கிட்ட நிண்டு பாக்க விருப்பம். நான் எப்பிடி இருந்தன், ஆருக்குப் போட்டன் எண்டு அறியவேணும்."

வெளுத்த சேட்டோடு வெறுங்கையாய்த் திரும்பி நடந்த வெட்கம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. நித்திரையானவர்களும் எழும்பிவிட்டார்கள். இப்படியொரு அநியாயம் இந்த நாட்டில் ஒருநாளும் நடக்காது என்று கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்தபடி உறுதியளித்தார்.

"வேலை உமக்குத்தான் காணும்," என்று காதுக்குள் சொன்னார் சிறீஸ்கந்தராசா.

நீலநிற பிஸ்கட் பேணி ஒன்று வாக்குப் பெட்டியாகப் பதவி உயர்வு பெற்றது. ஆளுக்கொரு துண்டு கொடுக்கப்பட்டது. ஆனால் சமத்துவத்தின் அடிப்படையில் கோப்பி போடுவதும் முறை வைத்துத்தான், அன்றைக்கு முறை நேசராஜாவுடையது. அவன் சமையலறைக்குப் போய், முக்கி முனகி ஊற்றிய இயந்திரத்தோடு மல்லுக்கட்டி, கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு வந்தபோது பேணி திறந்திருந்தது.

"என்ரை வோட்டு?"

"போட்டாச்சு," என்றார் தவராஜா.

கிர்ஸ்டன் விளக்கம் அளித்தார். வாக்கெடுப்புக் குறித்த நேரத்துக்கு முடிய வேண்டும். நூறு வீதப் பங்களிப்பும் வேண்டும். நேசராஜாவின் பேச்சை மொழிபெயர்க்க அதிகாரம் பெற்றவருக்கு அவருடைய வாக்கையும் மொழிபெயர்க்க அதிகாரம் உண்டு என்று மேலிடத்தில் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்தியாகிவிட்டது.

"நான் ஆருக்குப் போட்டன்?" என்று கேட்டான் நேசராஜா.

"அதை வெளியிட முடியாது. இரகசிய வாக்கெடுப்பு."

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சுசீலாதேவி வென்றிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டத்தோடு நின்ற நேசராஜாவிடம், வாழ்க்கையில் முதற்தடவையாகச் சுதந்திரமான தேர்தலில் பங்குபற்றியது எப்படி இருக்கிறது என்று கிர்ஸ்டன் ஆவலாகக் கேட்டார்.

"ஊரிலை மாதிரித்தான் இருக்கு."

தவராஜா சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். கிர்ஸ்டன் எழும்பிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். ஓர் அகதி டென்மார்க்கைத் தன் சொந்த ஊராகவே உணர்வது நிலையத்தின் வரலாற்றில் இதுவே முதற்தடவை. சொந்த ஊரில் இருப்பவருக்கு வழிகாட்ட வேண்டியதில்லை ஆகையால், இனிமேல் வரும் வேலைச் சிபார்சுகள் அனைத்திலிருந்தும் நேசராஜாவின் பெயர் அன்றே கௌரவத்துடன் நீக்கப்பட்டது.

பனியில் விறைத்தபடி நேசராஜாவும் தவராஜாவும் ரயிலுக்குக் காத்து நின்றார்கள்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. ஆருக்குப் போட்டன்?"

"சுசீலாதேவிக்கு," என்றார் தவராஜா, ஒளிவுமறைவில்லாமல். "உம்மடை கதைதான் திறம். மொழிபெயர்க்கேக்கை எனக்கே கண் கலங்கிப்போச்சு. ஆனா அவவின்ரை மனுசன் எங்கடை தமிழ்ச் சங்கத்துக்கு உபதலைவரெல்லே. ஞாயிற்றுக்கிழமை புதுத் தலைவர் தெரிவு. தலைவருக்கு நான் எலெக்சன் கேக்கிறன், அவரின்ரை ஆதரவு வேணும்."

இன்பமலருக்கு இதை எப்படி எழுதுவது என்று நேசராஜா யோசித்துக்கொண்டு நின்றான். ரயில் வந்தது. ஏறப்போன தவராஜா திரும்பி அவன் தோளில் அன்பாகத் தட்டினார்.

"ஞாயிறு நீரும் வாரும், தம்பி. கூட்டம் நடக்கிற ஹ்விடோவ்ரே வரைக்கும் வாறது கஷ்டமெண்டால் விடும். உம்மடை வோட்டை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."